பிழையிற் பிறந்த அளவுகோல்

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குச் சூரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் சென்றவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். சாதாரண நாளில் இருவர் அமரும் ஆசனத்தில் அன்று மூவர் அமர்வர். இன்னும் சற்று நெருக்கினால் ஒரு குழந்தைக்கும் இடம் கிடைக்கும். ஆயினும், ஒருவர் இருக்கும் இடத்திலேயே மற்றொருவர் இருத்தல் இயலாது. ஆகவே நெருக்கத்திற்கு இரண்டு எல்லைகள் உண்டு. சௌகரியமாக இருக்கக்கூடிய எல்லை ஒன்று. நெருக்கியடித்தாலும் தாண்ட முடியாத எல்லை மற்றொன்று.

அணுக்களின் உலகிலும் இதே நியதிதான் ஆட்சி புரிகிறது. இந்த எளிய நியதியைத் துணையாகக் கொண்டு, புரதங்களின் வடிவத்தைச் சோதிக்கும் ஓர் அளவுகோலைச் சென்னையில் இருந்த மூவர் 1963-ஆம் ஆண்டில் உலகுக்கு வழங்கினர். அந்த அளவுகோல் பிறந்த வரலாறு சுவையானது. அது ஒரு வெற்றியின் விளைவாகப் பிறந்ததன்று; 'உங்கள் கணக்கில் பிழை இருக்கிறது' என்ற குற்றச்சாட்டிலிருந்து பிறந்தது.

முதலில் புரதம் என்பது யாது என்று பார்ப்போம். அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலியாகின்றன. அச்சங்கிலியின் கண்ணிகளில் இருபது வகை உண்டு. சங்கிலி நீட்டிய நிலையில் கிடப்பதில்லை. மடிந்தும் முறுக்கிக்கொண்டும் ஒரு குறிப்பிட்ட உருவத்தை அடைகிறது. அந்த உருவமே அதன் தொழிலை நிர்ணயிக்கிறது. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதும், உண்ட உணவைச் செரிக்கச் செய்வதும், தோலுக்கு வலிமை தருவதும் வெவ்வேறு உருவங்கொண்ட புரதங்களே.

1952-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் ஜி. என். ராமச்சந்திரன். 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர்; பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் பயின்றவர், பின்பு கேம்பிரிட்ஜ் சென்று டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசுவாமி முதலியார், ராமனின் பரிந்துரையை ஏற்று அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். கிண்டியில் எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம் ஒன்று உருவாயிற்று.

ராமச்சந்திரன் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் கொலாஜன் என்னும் புரதம். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது இதுவே. கோபிநாத் கர்த்தா என்னும் ஆராய்ச்சியாளர் அவருக்குத் துணையானார். கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறிய கோலத்தைப் படம் பிடித்து ஆராய்ந்தனர். கொலாஜனின் கண்ணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் அமினோ அமிலம் என்பது இரசாயன ஆராய்ச்சியால் முன்னமே தெரிந்திருந்தது. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது கிளைசின். மற்றக் கண்ணிகளில் பெரிய பக்கக் கிளைகள் நீட்டிக்கொண்டிருக்க, இதில் ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே உண்டு. 'மூன்றுக்கு ஒன்று' என்னும் இந்தக் கணக்கில் ஏதோ பொருள் இருக்க வேண்டும் என்று ராமச்சந்திரன் கருதினார்.

மூன்று புரி சேர்த்துக் கயிறு திரிப்பதைக் கண்டவர்களுக்கு அவர் கண்ட விடை எளிதில் விளங்கும். கொலாஜன் ஒரு முப்புரிக் கயிறு. மூன்று சங்கிலிகள் சேர்ந்திருக்கின்றன. மூன்றும் கூடும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறைவு. அங்கே பொருந்தக்கூடியது கிளைசின் ஒன்றே. ஆகவேதான் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது கண்ணிதோறும் கிளைசின் வருகிறது. 1954-இல் இக்கருத்தின் முதல் வடிவம் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. சங்கிலிகள் தாமும் முறுகி, ஒன்றன்மேல் ஒன்று சுற்றியும் முறுகியிருக்கின்றன என்னும் திருந்திய வடிவம் 1955-இல் அதே இதழில் வந்தது.

அந்த ஆண்டிலேயே மறுப்பும் எழுந்தது. மறுத்தவர்கள் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் என்னும் இருவர். இவர்களுள் கிரிக், இரண்டாண்டுகளுக்கு முன்பு டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்டறிந்த இருவரில் ஒருவர். முப்புரி என்னும் அடிப்படை சரியே என்று அவர்கள் ஒப்புக்கொண்டனர். ஆனால், சென்னையார் வகுத்த உருவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்றனர். மும்மூன்று கண்ணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று ராமச்சந்திரன் கூறியிருந்தார். ஒன்றே உண்டு என்பது அவர்கள் வாதம்.

பிழை சுட்டப்பட்ட மாணவர்களில் இரு வகையினரை ஆசிரியர்கள் அறிவார்கள். சிவப்பு மையைக் கண்டதும் தாளை மடித்து வைத்துவிடுபவன் ஒருவன். அது ஏன் பிழை என்று எழுந்து நின்று கேட்பவன் மற்றொருவன். ராமச்சந்திரன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். அவர் கேட்ட கேள்வி இதுதான்: அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்கிறீர்கள், அந்த அளவு எது? அதை விதித்தவர் யார்?

இக்கேள்விக்கு விடை புத்தகத்தில் இல்லை, படிகங்களில் இருந்தது. அமினோ அமிலங்கள், அவை சிலவாகச் சேர்ந்த சிறு மூலக்கூறுகள் ஆகியவற்றின் படிக உருவங்கள் பல நாடுகளில் அளந்து வெளியிடப்பட்டிருந்தன. ராமச்சந்திரனும் அவருடைய மாணவர்களும் அவற்றையெல்லாம் திரட்டி, பிணைப்பில்லாத அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பட்டியலிட்டனர். வழக்கமாகக் கொள்ளப்பட்ட தூரங்களைக் காட்டிலும் குறுகிய தூரங்கள் பல இடங்களில் காணப்பட்டன. எனவே அவர்கள் இரண்டு எல்லைகளை வகுத்தனர். அணுத் தூரங்களை ஆங்ஸ்ட்ராம் என்னும் அலகால் அளப்பர்; ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே ஓர் ஆங்ஸ்ட்ராம். இரண்டு கார்பன் அணுக்களுக்கிடையே இயல்பான எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு இயல்பான எல்லை 2.0, கடைசி எல்லை 1.9. சாதாரண நாளின் ஆசனமும் திருவிழா நாளின் ஆசனமும் இங்கே நினைவுக்கு வருகின்றன அன்றோ?

அளவு கிடைத்தபின் அதனைக் கொலாஜனோடு நிறுத்திவிடாமல் எல்லாப் புரதங்களுக்கும் பயன்படுத்தியதே அவருடைய பெருமை. அடுத்தடுத்த இரு கண்ணிகளை இணைக்கும் பகுதி, அஞ்சலட்டை போலத் தட்டையானது என்பதை லைனஸ் பாலிங் முதலியோர் நிறுவியிருந்தனர். ஆகவே புரதச் சங்கிலியை, மூலைக்கு மூலை கோத்த அஞ்சலட்டைகளின் வரிசையாக எண்ணிக்கொள்ளலாம். கோத்த மூலையில் ஒரு கார்பன் அணு இருக்கிறது. அதன் இருபுறமும் உள்ள அட்டைகள் இரண்டும் தனித்தனியே சுழலலாம். இரண்டு கோணங்கள் தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் சங்கிலி செல்லும் போக்கு தெரிந்துவிடும்.

சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இருவரும் ராமச்சந்திரனும் இக்கோணங்களைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் எந்த அணுவேனும் மற்றொன்றை எல்லை மீறி நெருங்குகிறதா என்று கணக்கிட்டனர். நெருங்கினால் அந்நிலை விலக்கத்தக்கது, இல்லையெனில் ஏற்கத்தக்கது. இன்றைய கணிப்பொறிகள் இல்லாத அக்காலத்தில் அது பெரும் பொறுமையை வேண்டிய வேலை. முடிவில் கிடைத்தது ஒரு சதுரப் படம். அதில் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட பரப்பு விலக்கப்பட்ட நிலம். எஞ்சியவை சில தீவுகள். புரதச் சங்கிலி விரும்பியபடியெல்லாம் வளைய முடியாது. அந்தத் தீவுகளுக்குள்ளேயே அதன் வாழ்வு என்பது விளங்கிற்று. பக்கக் கிளையில்லாத கிளைசினுக்கு மட்டும் சுதந்தரம் அதிகம். 1963-இல் ஐந்து பக்கக் கட்டுரையாக இது வெளிவந்தது. அணு அணுவாக உருவம் அறியப்பட்ட புரதம் மயோகுளோபின் ஒன்றே எனத்தக்க காலம் அது. அதன்பின் ஆயிரக்கணக்கான புரதங்களின் உருவம் வெளியாயிற்று. அவற்றின் கண்ணிகள் பெரும்பாலும் அத்தீவுகளிலேயே அமைந்திருந்தன. ராமச்சந்திரன் படம் என்ற பெயரால் உலகெங்கும் அது வழங்குகிறது. ஒரு புரதத்தின் உருவத்தைப் புதிதாக வகுத்தோர், தம் வேலை சரியா என்று இன்றும் இப்படத்தில் இட்டுப் பார்க்கின்றனர்.

அப்படியாயின் 1955-இன் வழக்கில் வென்றவர் யார்? 1994-இல் கொலாஜனை ஒத்த ஒரு சிறு மூலக்கூற்றின் படிக உருவத்தை அமெரிக்காவில் நுட்பமாக அளந்தனர். முப்புரி உறுதியாயிற்று. சங்கிலிகளிடையே நேரான ஹைட்ரஜன் பிணைப்பு, மும்மூன்று கண்ணிகளுக்கு ஒன்றே இருந்தது. அவ்வகையில் மறுத்தவர்கள் கூற்றே சரி. ஆனால் சங்கிலிகளை நீர் மூலக்கூறுகளும் இடையே நின்று பிணைத்திருந்தன. நீரின் வழியாக அத்தகைய பிணைப்பு அமையலாம் என்று 1968-இலேயே ராமச்சந்திரன் எழுதியிருந்தார். தம் முதற்கூற்றைத் திருத்திக்கொள்ள அவர் நாணவில்லை.

இந்த நெருக்கக் கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. அந்த 1994-ஆம் ஆண்டு மூலக்கூற்றில் ஒவ்வொரு சங்கிலியிலும் நடுவிலிருந்த ஒரு கிளைசினுக்குப் பதிலாக, அதைவிடச் சற்றே பெரிய அலனினை வைத்திருந்தனர். அந்த இடத்தில் கயிறு புடைத்து, முறுக்குத் தளர்ந்து காணப்பட்டது. எலும்புக் கொலாஜனில் ஒரு சங்கிலிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகள் உண்டு. அவற்றுள் ஒரு கிளைசின் மாறிப் பிறந்தாலும் குழந்தையின் எலும்பு எளிதில் முறியும் நோய் உண்டாகலாம். ஓர் அணுவுக்கு இடம் இல்லாமற் போவதன் விலை அது.

ராமச்சந்திரன் பின்னாளில் பெங்களூர் சென்று மூலக்கூற்று உயிரியற்பியல் துறையை நிறுவினார். 2001-இல் சென்னையில் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை என்று வருந்துவோர் பலர். அந்த வருத்தம் நியாயமானதே. ஆயினும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று. பிழை என்று உலகம் சுட்டியபோது அவர் சினந்து மறுக்கவுமில்லை, சோர்ந்து ஒதுங்கவுமில்லை, பிழையை அளக்கும் கோல் எது என்று தேடினார். தேடியவருக்குக் கிடைத்த கோல், அவருடைய கணக்கை மட்டுமன்றி உலகத்தார் எல்லோருடைய கணக்கையும் அளப்பதாயிற்று.