500... 200... 50... மல்லைக் கடற்கரையின் மீட்டர் கணக்கு

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு முன்னாடி கொட்டி வெச்சிருக்கற பாறாங்கல்லைப் பாத்திருப்பீங்க. ராஜசிம்மன் கட்டி 1300 வருஷம் ஆன கோயிலைக் கடல் அரிச்சிடக் கூடாதுன்னு சர்க்கார் போட்ட அரண். பக்கத்துலயே சவுக்கும் நட்டாங்க. சரி, கோயிலுக்குக் கல்லு. பக்கத்துல இருக்கற மீனவர் குப்பத்துக்கு? அவங்களுக்குக் கிடைச்சது ஒரு மீட்டர் கணக்கு.

கணக்கு ஆரம்பிச்சது 1981ல. பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அலை ஏறுற உச்சக் கோட்டுலேர்ந்து 500 மீட்டருக்குக் கடற்கரையை சும்மா விடுங்க, இதான் சாரம். பத்து வருஷம் கழிச்சு, 1991 பிப்ரவரி 19ல, அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) அறிவிக்கையா வந்துச்சு. கிராமப்புறக் கரைகள்ல முதல் 200 மீட்டர்ல புதுக் கட்டடம் கூடாது. 200லேர்ந்து 500 வரை, அனுமதி வாங்கினா ஓட்டலும் கட்டலாம். இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் கடலோர இறால் பண்ணைகளை இடிக்கச் சொன்னது. வழக்குப் போட்டவர் நம்ம ஊர் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன்.

அப்புறம் 2004 டிசம்பர் 26. சுனாமி.

2005 மார்ச்சுல தமிழக அரசு போட்ட அரசாணை 172ஐப் பாருங்க. 200 மீட்டருக்குள்ள இருக்கறவங்க தள்ளிப் போனா புது வீடு உண்டு, ஆனா பழைய இடத்தை விட்டுக் கொடுத்துடணும். போகலைன்னா சொந்தக் காசுல ரிப்பேர் பண்ணிக்கலாம், அரசு உதவி கிடையாது. ஓட்டலைத் தள்ளி நிறுத்த வந்த கோடு, மீனவரைத் தள்ளி வைக்கற கோடா மாறினது இங்கதான்!

2019 ஜனவரில வந்த புது அறிவிக்கைல, ஜனநெருக்கடி அதிகமான கிராமக் கரைகளுக்கு அந்த 200 வெறும் 50 ஆயிடுச்சு. தற்காலிக சுற்றுலா வசதின்னா 10 மீட்டர் தள்ளி இருந்தாலே போதும்.

வீடு கட்ட இடம் கிடைக்குமேன்னு மீனவருக்கும் இதுல லாபம் உண்டு, மறுக்கலை. ஆனா ஈ.சி.ஆர். ஓரத்துல நிலம் தேடறவங்களுக்கும் அதே 50 மீட்டர்தானே? அவங்களுக்கு அது கடல் தெரியற ஜன்னல். இவங்களுக்கோ படகு ஏத்தி, வலை காயப்போட்டு, மீன் உலத்தற பட்டறை. ரெண்டையும் ஒரே டேப்பை வெச்சு அளந்தா யார் கைக்குப் போகும்னு சொல்லணுமா என்ன?

உங்க ஊர்க் கடற்கரைல கோடு எங்க ஓடுதுன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க மக்களே.