71ஆம் இடத்துக்காரர்

செயின்ட் லூயிஸ் நகரில் 1904இல் நடந்த ஒலிம்பிக்கின் ஜிம்னாஸ்டிக்ஸ் பட்டியல்களில் ஜார்ஜ் ஐசர் இரண்டு முறை தென்படுகிறார். ஜூலையில் 71ஆவது இடம். அக்டோபர் இறுதியில் ஒரே நாளில் ஆறு பதக்கங்கள், அவற்றில் மூன்று தங்கம். இடையில் இருந்தது நான்கு மாதம்கூட இல்லை. ஒரே பெயரில் இருவர் இருந்தார்களோ என்ற சந்தேகத்தோடுதான் முடிவுத் தாள்களைப் பிரிக்கத் தொடங்கினேன்.

முதலில் அக்டோபர் மதிப்பெண் கணக்கு. பேரலல் பார்ஸ் 44, ஹாரிசாண்டல் பார் 39, வால்ட் 36, பாமெல் ஹார்ஸ் 33. கூட்டினால் 152. நான்கும் சேர்ந்த போட்டியில் வெள்ளி வென்ற ஐசருக்கு எதிரே இருப்பதும் அதே 152. தங்கம் வென்ற ஆன்டன் ஹைடாவின் 161ஐயும் பிரித்துக் கூட்டினேன், இம்மி பிசகவில்லை. வால்ட்டில் இருவருக்கும் 36, தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 25 அடிக் கயிற்றில் 7 விநாடியில் ஏறி இன்னொரு தங்கம். அந்தப் பக்கத்தில் குளறுபடி இல்லை.

அப்படியானால் முடிச்சு ஜூலையில். 71 என்பது ஒரு கூட்டுக் கணக்கின் விளைவு. அந்தப் போட்டியில் பார்களும் குதிரையும் ஒரு பாதி. நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், 100 கஜ ஓட்டம் மறுபாதி. டர்னர் எனப்படும் ஜெர்மானிய ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கங்களின் வழக்கம் அது. இரண்டு பாதிகளுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. பலர் மொத்தத்தோடு நின்றுவிடுவதால்தான் ஐசர் சாதாரண ஆட்டக்காரராகத் தெரிகிறார். நான் அவற்றைத் தனியாகப் பார்த்தேன். ஜிம்னாஸ்டிக்ஸ் பாதியில் ஐசர் 10ஆவது. தடகளப் பாதியில் 118ஆவது. பட்டியலின் அடிமட்டம் அது.

பார்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஓட்டத்தில் ஏன் கடைசியில் கிடக்கிறார்? மதிப்பெண் பட்டியல் இதற்குப் பதில் சொல்லாது. வாழ்க்கைக் குறிப்புதான் சொல்லும். 1870இல் ஜெர்மனியின் கீல் நகரில் பிறந்தவர், 14 வயதில் அமெரிக்கா வந்தவர், செயின்ட் லூயிஸில் கட்டுமான நிறுவனமொன்றில் கணக்கெழுதியவர், அங்கிருந்த கன்கார்டியா டர்னர் சங்க உறுப்பினர். இடது கால் கிடையாது. ரயிலில் சிக்கிப் போனது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். மரக்காலோடுதான் 100 கஜமும் ஓடினார். நடுவர்கள் அதற்காக எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதைப் படித்தபின் எனக்கு 118தான் பெரிய எண்ணாகப் பட்டது. விலகியிருந்தால் அந்த வரியே இருந்திருக்காது.

கயிறும் பார்களும் தோள்வலியால் வெல்லக்கூடியவை என்று வைத்துக்கொள்ளலாம். வால்ட் அப்படியல்ல, குதிரையைத் தாண்டி மறுபுறம் கால் ஊன்ற வேண்டும். அந்த 36ஐ ஹைடாவின் 36க்குச் சமம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபரோடு கதை முடியவும் இல்லை. ஐசர் இருந்த கன்கார்டியா அணி 1908இல் ஃபிராங்க்ஃபர்ட் சர்வதேசப் போட்டியையும், 1909இல் சின்சினாட்டி தேசியப் போட்டியையும் வென்றது. 1908 அணிப் புகைப்படத்தில் நடுவில் இருப்பவர் அவரே.

இன்னொரு தவறையும் இங்கேயே திருத்திவிடலாம். 2008இல் பெய்ஜிங்கில் தென்னாப்பிரிக்காவின் நடாலி டு டாய்ட் நீந்தியபோது, ஐசருக்குப் பின் ஒரு கால் இழந்து ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் ஆள் என்று செய்திகள் வந்தன. ஹங்கேரியின் வாட்டர் போலோ வீரர் ஒலிவேர் ஹலாஷிக்கு இடது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. 1928இல் வெள்ளி, 1932இலும் 1936இலும் தங்கம் வென்ற அணிகளில் அவர் ஆடியிருக்கிறார்.