பெயர் பிழைத்த நோய்

1938ஆம் ஆண்டிலே, வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளுடன் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறையை அடைந்தது. பாய்க்கப்பலுக்கு உயிர்நாடி கயிறு. முறையாகச் சுருட்டிய கயிறு வேண்டிய கணத்திற் கைக்கு வரும். சிக்குண்ட கயிறோ கப்பலுக்கே கேடாகும்.

நம் உடலிலுள்ள புரதங்களும் அத்தகையனவே. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. தனக்குரிய வடிவில் மடிந்தாற்றான் அது தொழில் செய்யும். மடிப்புப் பிழைத்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கரையாத நார்களாகி உறுப்புகளிற் படிகின்றன. இதுவே அமிலோயிட் நோய்.

இந்நோயின் வரலாறு ஒரு பிழையோடு தொடங்குகின்றது. 1854இல் ஜேர்மன் மருத்துவ அறிஞர் விர்ச்சோ, உடற்படிவு ஒன்று அயடீன் பட்டதும் மாப்பொருள் போல நிறம் மாறுவதைக் கண்டு, 'மாப்பொருள் போன்றது' என்னும் பொருளில் அமிலோயிட் எனப் பெயரிட்டார். ஐந்தாண்டுகளின் பின், 1859இல், பிரீட்ரைக், கெக்குலே என்னும் இருவர் அது மாப்பொருளன்று, புரதத் தன்மையதே எனக் காட்டினர். உண்மை வெளிப்பட்டது, பிழையான பெயரோ நிலைத்துவிட்டது.

1922இல், துணிக்குச் சாயமிடும் கொங்கோ சிவப்பு இப்படிவைப் பற்றிக்கொள்வது அறியப்பட்டது. இன்றும் நோயை உறுதிசெய்ய உதவுவது அச்சாயமே. 1959இல், அன்னபூரணி சென்றடைந்த அதே மாநிலத்தின் பொஸ்ரன் நகரிலே, கோகன், கல்கின்ஸ் ஆகியோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அதன் நார்களைக் கண்டனர். ஒரு நாரின் பருமன் மில்லிமீற்றரில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு!

இத்துணை நுண்ணிய நார் எவ்வாறு ஆளை வீழ்த்துகின்றது? சிறுநீரகத்திற் படிந்தால் வடிகட்டி பழுதாகிப் புரதம் வெளியேறும். சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும். இதயத்திற் படிந்தால் தசை விறைத்து மூச்சு வாங்கும். 'வயதின் தளர்ச்சி' என்று நாம் அதனைப் புறக்கணித்துவிடுகின்றோம். அங்கேதான் ஆபத்து உள்ளது.

ஊற்றுக்கண்ணும் ஒன்றன்று. கசநோய், தொழுநோய், மூட்டழற்சி போன்ற நீடித்த நோய்கள் ஒருவகைப் படிவைத் தோற்றுவிக்கும். எலும்பு மச்சையின் கோளாறு இன்னொரு வகைக்குக் காரணம். பரம்பரையாலும் முதுமையாலும் வருவனவும் உள. எப்புரதம் பிழைத்தது என அறிந்தே மருத்துவம் செய்தல் வேண்டும். புரதத்தின் வடிவைக் குலையாது காக்கும் மருந்துகளும் இந்நூற்றாண்டிற் கிடைத்துள்ளன. ஆயினும், படிந்ததைப் போக்குவதிலும் மேலும் படியாது தடுப்பது எளிது.

சிக்கு முற்றுமுன் கயிற்றைக் கவனிப்பவனே நல்ல மாலுமி. நுரைத்த சிறுநீரையும் வீங்கிய காலையும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் சொல்வோமாக.