மாத்தறைத் தேயிலை: ஒரு மஞ்சள் பூவின் வரலாறு

கெசல்கமு ஓயாவின் இரு கரையிலும் தேயிலை மலைகள் அடுக்கடுக்காய் ஏறிப்போகும் ஊர் பொகவந்தலாவை. தேயிலையின் தங்கப் பள்ளத்தாக்கு என்று வியாபாரிகள் வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. மலைநாட்டுக் கடைகளில் தேயிலைத்தூளுக்கு அடுத்தாற்போல 'ரணவரா' என்று அச்சிட்ட பொட்டலமும் விற்கிறது. பிரித்தால் உள்ளே காய்ந்த மஞ்சள் பூ. கொதிக்கும் நீரில் ஒரு பிடி போட்டால் சற்று நேரத்தில் தேன் நிறம் இறங்கும். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். சிங்களவரின் ரணவராவும் தமிழரின் ஆவாரையும் ஒரே செடிதான்.

ஆவாரை வறண்ட நிலத்துச் செடி. மன்னார், புத்தளம், ஹம்பாந்தோட்டைக் கரைகளில் மழை குறைந்த மணலிலும் தானாக முளைத்துப் பூக்கும். பொகவந்தலாவையின் ஈர மலைக்கு அது ஒத்துவராது. ஆனாலும் அதன் கதையை இந்த மலையிலிருந்து பார்த்தால்தான் முழுமையாகத் தெரியும். தேயிலை என்ற சொல் அதன்மேல் வந்து ஒட்டிக்கொண்ட விதமும், தேயிலைக் கூலிகளாக வந்த தமிழர் அந்தச் செடியைவிட்டு விலகிப்போன விதமும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

தமிழில் அதன் பெயர் மிகப் பழையது. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களில் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் மடலேறும்போது சூடும் பூவாகவும் சங்கப் பாடல்கள் அதைக் காட்டுகின்றன. சித்த மருத்துவம் இலை, பூ, காய், பட்டை, வேர் என ஐந்து உறுப்பையும் எடுத்துக்கொண்டது. நீரிழிவுக்குச் சித்த மருத்துவர்கள் கொடுக்கும் 'ஆவாரைக் குடிநீர்' கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை முதலியவற்றோடு சேர்த்துக் காய்ச்சும் கஷாயம். குடிநீர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தேநீர் என்ற சொல் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே, காய்ச்சிக் குடிக்கும் மூலிகைக்குத் தமிழ் வைத்திருந்த பெயர் அது.

ஐரோப்பியர் வேறு வழியாக இந்தச் செடியிடம் வந்தார்கள். ஒல்லாந்தரின் மருத்துவராக 1670களில் இலங்கையில் இருந்த பவுல் ஹெர்மன் திரட்டிய தாவரத் தொகுப்பைக் கொண்டு லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1753இல் ஆவாரைக்கு அவர் இட்ட பெயர் காசியா ஆரிகுலாட்டா. இப்போது சென்னா ஆரிகுலாட்டா என்கிறார்கள். ஆரிகுலாட்டா என்றால் காதுடையது என்று பொருள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சின்னக் காதுமடல் போல அகன்ற செதில் இருக்கும். மலைநாட்டு வேலியோரம் மஞ்சளாய்ப் பூக்கும் வேறு செடிகளை ஆவாரை என்று எண்ணிப் பறிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் காதைத்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் இதன் பானத்துக்கு 'மாத்தறைத் தேயிலை' என்ற பெயர் ஏற்பட்டது. செடி செழிப்பது ஹம்பாந்தோட்டைப் பக்கம். பெயரோ மாத்தறைக்குப் போயிருக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஹம்பாந்தோட்டைக் கரையும் மாத்தறைத் திசாவை என்ற நிர்வாகப் பிரிவுக்குள் அடங்கியிருந்தது. அந்த நிர்வாகப் பெயரே பானத்தோடும் ஒட்டியிருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. சொந்த மருந்தாக இருந்த ஒன்று இந்தப் பெயரால் தேயிலைக்கு மாற்றுப் பொருளாக எண்ணப்பட்டது. அந்த எண்ணம் இன்றுவரை போகவில்லை.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். இரண்டே ஆண்டில், 1869இல், அதுவரை மலைகளில் பயிரான கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. கோப்பி அழிந்த மலைகளைத் தேயிலை மூடியது. பொகவந்தலாவையும் அப்படி மாறியதுதான். 1884இல் ரயில் அட்டன் வந்து சேர்ந்தது.

அதற்கு முன் தோட்ட வேலைக்கு வந்த தமிழர் நடந்து வந்தார்கள். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்டுக் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளை வழியாக மலையேறினார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். அவர்கள் விட்டுவந்த கரிசல் வெளியிலும் செம்மண் மேட்டிலும் பூத்த அதே ஆவாரை மன்னார் மணலிலும் பூத்தது. மலையேற ஏற அது பின்தங்கிவிட்டது. லயத்துக் காம்பிராவில் காய்ச்சல் என்றால் அடுப்பேறியது கடையில் கிடைத்த கொத்தமல்லியும் இஞ்சியும். அன்றாடம் குடித்தது தேயிலைத்தூள் போட்ட சாயத்தண்ணி. உலகத்துக்கே தேநீர் கொடுத்தவர்களுக்குத் தங்கள் மண்ணின் குடிநீர் எட்டாமல் போனது சிறிய இழப்பு அல்ல.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் ஆவாரைக்கு வேறொரு வேலை வந்தது. அதன் பட்டையில் துவர்ப்பு மிகுதி. சென்னை மாகாணத்துத் தோல் பதனிடுவோர் அந்தப் பட்டையால் பதப்படுத்திய தோல் கப்பலேறி ஐரோப்பா போனது. தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை இறக்குமதியான பிறகே அந்தத் தேவை குறைந்தது.

இலங்கையில் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் நாட்டு வைத்தியத்துக்கு அரச அமைப்பைத் தந்தது. இன்று ரணவரா, வில்வம்பூவான பெலிமல், சிறுபீளையான பொல்பலா மூன்றும் தேநீர்ப் பைகளாக அங்காடிக்கு வந்துவிட்டன. வெசாக் நாள்களில் தன்சல் பந்தல்களில் பெலிமல் இலவசமாக ஊற்றுகிறார்கள்; வரிசையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் நிற்கிறார்கள்.

பழமை என்பதாலேயே எல்லாம் நன்மை ஆகிவிடாது. எஸ். என். அர்சகுலரத்ன உள்ளிட்ட இலங்கை ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கை மூலிகைகள் சிலவற்றில் ஈரலைப் பாதிக்கும் பிரோலிசிடின் அல்கலாய்டுகள் இருப்பதைக் காட்டியது. அந்தச் சிலவற்றில் ஆவாரையும் ஒன்று. நோய்க்கு அளவோடு கொடுத்த மருந்து நாள்தோறும் குடிக்கும் பானமாகும்போது அளவு தவறும். நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடர்ந்து குடிப்பது சரியல்ல. பொட்டலம் விற்பவர்கள் இந்த எச்சரிக்கையை அட்டையிலேயே அச்சிட வேண்டும்.

இந்த வரலாற்றில் மலையகத் தமிழரின் பங்கை எழுதும் வேலை மீதி இருக்கிறது. காய்ச்சலுக்கும் பேறுகாலத்துக்கும் பாட்டிமார் எதை அவித்துக் கொடுத்தார்கள், எந்தச் செடியை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதெல்லாம் இன்னும் லயங்களில் வாய்ச்சொல்லாகவே கிடக்கிறது. பொகவந்தலாவைப் பாடசாலை மாணவர்கள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டிமார் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதை எழுதி வைக்க வேண்டும்.