ஜோடி மாறினாலும் மாறாத திறன்: இரினா ரோத்னினாவும் தீபிகா பல்லிக்கலும்

இருவர் சேர்ந்து சாதித்த ஒன்றில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி தமிழருக்குப் பழகியதுதான். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்தபோது திரையிசை ரசிகர்கள் அதைத்தான் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். விளையாட்டிலோ கேள்வி எழும் முன்பே பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். ஒற்றையர் பட்டம் என்றால் முழுச் சாதனை, இரட்டையர் பட்டம் என்றால் பாதி என்பது நம் கணக்கு. இந்தக் கணக்கு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஜோடியாக ஆடும் திறன் ஒற்றையர் திறனின் மிச்சமோ குறைபட்ட வடிவமோ அல்ல. அது தனியாக வளர்வது. ஓர் ஆட்டக்காரர் தன்னுடன் எடுத்துச் செல்வது. கூட ஆடுபவர் மாறினாலும் கைவிட்டுப் போகாதது. ஒரே துணையுடன் கடைசிவரை ஆடியவர்களின் வரலாற்றை வைத்து இதைச் சோதிக்க வழியில்லை. துணை மாறியவர்களின் வரலாறுதான் சான்றாகும்.

அப்படியொரு சான்று ஃபிகர் ஸ்கேட்டிங்கில் மிகத் தெளிவாகக் கிடைக்கிறது. மாஸ்கோவைச் சேர்ந்த இரினா ரோத்னினா, ஸ்தானிஸ்லாவ் ஜூக்கின் பயிற்சியில் அலெக்ஸி உலானோவுடன் 1969 முதல் 1972 வரை நான்கு உலகப் பட்டங்களை வென்றார். 1972 சப்போரோ ஒலிம்பிக் தங்கமும் அந்த ஜோடிக்கே. அதே ஆண்டில் உலானோவ் பிரிந்து, அதுவரை இரண்டாமிடத்தில் நின்ற எதிர் ஜோடியின் லுட்மிலா ஸ்மிர்னோவாவுடன் சேர்ந்துகொண்டார். ரோத்னினாவுக்குப் புதிய துணையாக வந்தவர் அலெக்சாந்தர் ஜைத்சேவ். அதற்கு முன் அவர் உலகப் போட்டியில் பதக்கம் பெற்றதில்லை. ஆய்வாளர் ஒருவர் வேண்டுமென்றே ஏற்பாடு செய்ததுபோல் சோதனைக்கான எல்லாக் கூறுகளும் இங்கே அமைந்துவிட்டன. முடிவு என்ன? 1973இலும் 1974இலும் உலகப் போட்டியில் ரோத்னினா-ஜைத்சேவ் தங்கம், ஸ்மிர்னோவா-உலானோவ் வெள்ளி. 1973இல் பிராடிஸ்லாவாவில் ஆட்டத்தின் நடுவே இசை நின்றுபோனது. ஜோடி சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இருவரும் நிற்கவில்லை. ஓசையற்ற அரங்கில் மீதி ஆட்டத்தைக் காலக்கணக்கு பிசகாமல் ஆடி முடித்தார்கள். இசையைக் கேட்டு ஆடுவது வேறு, ஒருவர் உடலை மற்றவர் படித்து ஆடுவது வேறு என்பதற்கு இதைவிடத் துல்லியமான நிரூபணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஜைத்சேவுடன் 1978 வரை ஆறு உலகப் பட்டங்கள். 1976, 1980 ஒலிம்பிக் தங்கங்கள். இடையே 1979 பிப்ரவரியில் ரோத்னினா ஒரு மகனைப் பெற்றெடுத்தார். அடுத்த பிப்ரவரியில் லேக் பிளாசிட்டில் மூன்றாவது ஒலிம்பிக் தங்கம்.

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிவரும் வரலாறு சென்னையைச் சேர்ந்த தீபிகா பல்லிக்கலுடையது. ஸ்குவாஷில் உலகத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் வந்த முதல் இந்தியப் பெண் என்றே அவரைப் பெரும்பாலும் அறிமுகப்படுத்துகிறார்கள். அது உண்மைதான், ஆனால் அவருடைய பெரிய வெற்றிகள் வேறிடத்தில் இருக்கின்றன. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில், தேசிய அளவில் தனக்கு நேர்ப் போட்டியாளரான ஜோஷ்னா சின்னப்பாவுடன் சேர்ந்து, இங்கிலாந்தின் ஜென்னி டன்கால்ஃப்-லாரா மசாரோ ஜோடியை 11-6, 11-8 என வென்று தங்கம் பெற்றார். காமன்வெல்த்தில் இந்திய ஸ்குவாஷுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. 2018இல் கோல்டு கோஸ்டில் ஜோஷ்னாவுடன் ஒரு வெள்ளி, சவுரவ் கோஷலுடன் கலப்பு இரட்டையரில் இன்னொரு வெள்ளி. அதன்பின் நீண்ட இடைவெளி. 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆறு மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், அதே கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் போட்டியில் ஜோஷ்னாவுடன் பெண்கள் பட்டம், சவுரவுடன் கலப்புப் பட்டம் என இரண்டையும் வென்றார். அந்த ஆண்டே பர்மிங்ஹாமில் சவுரவுடன் வெண்கலம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஹரிந்தர் பால் சிங் சந்துவுடன் கலப்பு இரட்டையர் தங்கம். மூன்று துணைகள், மூன்று வகையான ஆட்டம். எல்லா வெற்றிக்கும் பொதுவாக நிற்பவர் ஒருவர்.

அந்தத் திறன் எதனால் ஆனது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒற்றையர் ஸ்குவாஷ் கோர்ட்டின் அகலம் 6.4 மீட்டர். இரட்டையருக்குக் கோர்ட் அதைவிட அகலம் என்றாலும் நாலு பேர், நாலு மட்டை, ஒரே சுவர். ஒற்றையரில் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டவர் ஆட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார். இரட்டையரில் நடுப்பகுதி யாருக்கும் சொந்தமில்லை. பந்து இருவருக்கும் நடுவே வரும்போது யார் அடிப்பது, அடிக்காதவர் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதைக் கூட ஆடுபவரின் தோளும் முன்னங்காலும் திரும்பும் விதத்திலிருந்தே ஊகிக்க வேண்டும். பத்துக்குப் பத்து என்று வந்துவிட்டால் அடுத்த ஒற்றைப் புள்ளியிலேயே அந்த கேம் முடிந்துவிடும். ஹாங்சோ இறுதியாட்டத்தில் மலேசிய ஜோடிக்கு எதிரான இரண்டு கேம்களும் 11-10 என்றே முடிந்தன. தங்கம் இரண்டு பந்துகளில் தீர்மானமானது என்று சொன்னால் மிகையில்லை. அத்தகைய கணத்தில் துணையின் அடுத்த அசைவு தெரியாமல் நிற்பவர் தோற்றுப்போவார்.

மதுரையிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு; அளவில் சிறியது, ஆனால் ஒரு வகையில் ரோத்னினாவின் பிராடிஸ்லாவாவைவிட அழுத்தமானது. செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்ஸ் 2022 மே மாதம் பிரேசிலின் காஷியாஸ் டோ சுல் நகரில் நடந்தது. அதில் மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா பாட்மிண்டனில் மூன்று தங்கம் வென்றார்: ஒற்றையர், குழுப் போட்டி, அபினவ் சர்மாவுடன் கலப்பு இரட்டையர். அந்தப் போட்டிகளில் காதொலிக் கருவி அணிந்து ஆட அனுமதி கிடையாது. மதுரையின் பழங்காநத்தம் மாதிரி நெருக்கமான பகுதிகளில் ஷட்டில் என்றாலே டபுள்ஸ்தான். ஒரே கோர்ட்டைச் சுற்றி ஆட்கள் காத்திருக்கும்போது சிங்கிள்ஸுக்கு யார் இடம் விடுவார்? அங்கே “விடு”, “என்னது” என்ற குரல்களில்தான் ஆட்டமே ஓடும். ஜெர்லினுக்கும் அபினவுக்கும் அந்தக் குரல் கிடையாது. கண்ணால் மட்டுமே துணையை அறிந்து உலக அளவில் தங்கம் வெல்ல முடிகிறதென்றால், ஜோடித் திறனின் அடிப்படை எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. தீபிகாவின் துணைகள் எல்லாருமே ஏற்கெனவே தேர்ந்தவர்கள். ஜோஷ்னாவும் சவுரவும் தாங்களே உலகின் முதல் பத்துக்குள் வந்தவர்கள். அப்படியிருக்க, துணை மாறியும் வென்றார் என்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் ஹரிந்தர் அந்தத் தரவரிசையில் நின்றவர் அல்லர். ஹாங்சோ தங்கமோ அவருடன் வந்தது. கிளாஸ்கோவில் எதிரே நின்ற மசாரோ அப்போது உலக ஒற்றையர் சாம்பியன் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒற்றையர் வலிமையைக் கூட்டினாலே ஜோடியின் வலிமை வந்துவிடும் என்றால் அந்தத் தங்கம் இங்கிலாந்துக்குப் போயிருக்கும். இரண்டாவது மறுப்பு: இவை அமைப்புகளின் வெற்றி, தனிநபருடையவை அல்ல. மாஸ்கோவின் ராணுவ விளையாட்டுக் கழகமும் ஜூக்கும் இல்லாமல் ரோத்னினா இல்லை. கொல்கத்தாவிலிருந்து சவுரவையும் சண்டிகரிலிருந்து ஹரிந்தரையும் சென்னைக்கு வரவழைத்தது நேரு பூங்காவின் ஸ்குவாஷ் அகாடமியும் அங்கிருந்த பயிற்சியாளர்களும்தான். இதை முழுக்கவே ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அமைப்பு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. உலானோவுக்குப் பின்னாலும் அதே சோவியத் அமைப்புதான் நின்றது. பொதுவான ஒன்றால் வேறுபாட்டை விளக்க இயலாது. மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஸ்குவாஷின் முதல் வல்லரசான எகிப்துக்குக் காமன்வெல்த்திலும் ஆசியப் போட்டியிலும் இடமில்லை. லேக் பிளாசிட்டில் 1979 உலகச் சாம்பியன்களான அமெரிக்க ஜோடி காயத்தால் விலகிக்கொண்டது. எனவே இவர்களை ஈடிணையற்றவர்கள் என்று முடிசூட்ட நான் முயலவில்லை. போட்டியின் ஆழம் எதுவானாலும், துணை மாறும்போது திறன் யாருடன் போனது என்பதே கேள்வி; அதற்கான சான்று இந்த மறுப்பால் அசைவதில்லை.

ரோத்னினாவின் பெயர் நிலைத்ததற்கும் தீபிகாவின் ஜோடி வரலாறு மங்கலாக இருப்பதற்கும் காரணம் திறன் வேறுபாடு மட்டுமல்ல. ஜோடிச் சறுக்கு 1908 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஆண்டுதோறும் உலகப் பட்டம், அதற்கெனப் பயிற்சியாளர்கள், பதிவேடுகள் உண்டு. ஸ்குவாஷில் தொழில்முறைத் தரவரிசை ஒற்றையருக்கே. இரட்டையர் ஆட்டக்காரர் ஆசிய, காமன்வெல்த் விளையாட்டுகள் வரும்போது மட்டும் வெளிச்சத்துக்கு வந்து மறைகிறார். பரிசுத் தொகையில் ஆண்களுக்கு நிகரான பங்கு கேட்டு 2012 முதல் 2015 வரை தேசியப் போட்டியைப் புறக்கணித்தவர் தீபிகா. சமமான தொகை வந்த பிறகு, 2016இல் திரும்பி வந்து பட்டமும் வென்றார். எதை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது அவருக்குப் புதிய கேள்வி அல்ல. 2028இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்குவாஷ் முதல் முறையாக ஒலிம்பிக்கில் நுழைகிறது. ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர் என இரண்டே பிரிவுகள்; இரட்டையருக்கு அங்கே இடம் வைக்கவில்லை.