தாங்கிக்குள்ள என்ன இருக்கு?

2004 டிசம்பர் 26இல் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளை அழிச்ச அதே சுனாமி கல்பாக்கம் அணுமின் நிலையத்தையும் தொட்டது. அங்க உலை பத்திரமா நிறுத்தப்பட்டது. அணுவின் கதை எங்கட கடலுக்கும் சொந்தம்தான். அதுல நாம அதிகம் பேசாத பகுதி, கழிவு.

1957 செப்டெம்பர் 29. சோவியத் ஒன்றியத்தின் மாயக் ஆலையில் ஒரு கழிவுத் தாங்கியின் குளிரூட்டல் பழுதானது. உள்ளே இருந்த நைத்திரேற்றும் அசற்றேற்றும் காய்ந்து சூடேறி வெடித்தன. அசற்றேற்று ஒரு சேதனச் சேர்வை. அது விறகு என்றால் நைத்திரேற்று காற்று மாதிரி. அரசு மறைச்சது. 1976இல் நாடுகடந்து வாழ்ந்த விஞ்ஞானி ஷோரஸ் மெத்வதேவ் எழுதினார். மொஸ்கோ ஒப்புக்கொண்டது 1989இல்தான்.

நாகசாகிக் குண்டின் புளுட்டோனியம் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் உருவானது. அங்க 177 நிலத்தடித் தாங்கிகள், சுமார் 21 கோடி லீற்றர் கழிவு. பிரித்தெடுக்கப் பாவிச்ச சேதனச் சேர்வைகளும் அதுக்குள்ளதான் போச்சு. பழைய பதிவுகளை மட்டும் நம்ப முடியல்ல. 1990இல் ஆபத்தான தாங்கிகளை இனங்காணச் சட்டம் வந்தது. மாதிரி எடுத்து, சேதனக் காபன் எவ்வளவு, எந்தச் சேர்வை என்று அளந்தார்கள். பல சேர்வைகள் கதிர்வீச்சில் சிதைந்து, சக்தி குறைந்த ஒட்சலேற்று போன்றவையாக மாறியிருந்தன.

"பயப்படாதீங்க" என்ற பேச்சு மாயக்கிலும் இருந்தது. ஹான்ஃபோர்டில் பயத்தைக் குறைச்சது அளவீடு. நாளைக்கு எங்கட கரையில யார் எதைப் புதைச்சாலும் நாம கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உள்ளே என்ன, அளந்தது யார், கணக்கை எங்களுக்குக் காட்டுவீங்களா?