களங்காய்க் கண்ணி

சேர மன்னர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் நாக்கு இடறும். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், பல்யானைச் செல்கெழு குட்டுவன், கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவன். மலை, யானை, கடல் என எல்லாமே பெரியவை. இவர்களுக்கு நடுவே களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்று ஒருவன் வந்து நிற்கிறான். அவன் தலையில் இருப்பது வேலியோரப் புதரில் காய்க்கும் களாக்காய்.

களாவை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இணை இணையாக முள் உள்ள புதர்ச்செடி. ஒடித்தால் பால் வடியும். மல்லிகையை நினைவூட்டும் வெள்ளைப் பூ. காய் பச்சையாகத் தொடங்கிச் சிவந்து, பழுத்ததும் கறுத்துவிடும். காயின் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். உப்பும் மிளகாயும் சேர்த்தால் நல்ல ஊறுகாய். தென்மாவட்டங்களில் கிளாக்காய் என்பார்கள். பெருங்களா, சிறுகளா என்று இரண்டு வகை சொல்வதுண்டு.

சங்கப் பாடல்களில் இந்தப் பெயர் களா, களவு என்ற இரு வடிவங்களிலும் வழங்குகிறது. திருட்டுக்கும் மறைவான காதலுக்கும் அதே 'களவு' என்ற சொல் இருப்பதால் புதிதாகப் படிப்பவர் சற்றுத் திகைக்கக்கூடும். அகநானூறு 394ஆம் பாடலில் களா புளித்ததும் விளா பழுத்ததும் ஒரு பருவத்தின் அடையாளங்களாக வருகின்றன. தொடர்ந்து ஆட்டுத்தயிரும் வரகரிசியும் ஈசலும் கலந்த புளிச்சோறு. ஒரு முல்லை நிலத்து வீட்டின் அடுக்களையே அதில் இருக்கிறது. புறநானூறு 127இல் ஆயைப் பாடும் முடமோசியார் சிறிய யாழின் கரிய கோட்டுக்குக் களங்கனியை உவமையாக்குகிறார். மையையோ இருளையோ அவர் தேடிப் போகவில்லை. கேட்பவர் அனைவரும் தின்று நாக்கைக் கறையாக்கிக்கொண்ட பழம் போதுமானதாக இருந்தது.

இனி அந்தச் சேரன். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து காப்பியாற்றுக் காப்பியனார் இவனைப் பாடியது. முடிசூடும் வேளையில் ஏதோ காரணத்தால் தகுந்த கண்ணியும் முடியும் கிடைக்காமற்போக, களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்துகொண்டான் என்கிறார் பழைய உரைகாரர். காரணம் இன்னதென்று அவர் சொல்லவில்லை. அகநானூறு 199இல் கல்லாடனார் ஒரு செய்தி தருகிறார்: வாகைப் பெருந்துறைப் போரில் நன்னன் வீழ, இச்சேரல் இழந்த நாட்டை மீட்டான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நாடு கைவிட்டுப் போயிருந்த நாளில், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு நடந்த முடிசூட்டு அது என்று கொள்ள இடமுண்டு. ஆனால் இது ஊகம்தான்.

எனக்கு வியப்பளிப்பது அதற்குப் பிறகு நடந்தது. பதிற்றுப்பத்து 39இல் அந்த நார்முடி வெறும் நாராக இல்லை. வேல மரக்கிளையில் சிலந்தி பின்னிய வலையைப் போலப் பொன் தகட்டிலும் மணியிலும் முத்திலும் இழைத்த போர்வை அதன்மேல் இருக்கிறது. பாடிய புலவருக்கு நாற்பது நூறாயிரம் பொன் கொடுத்ததாகவும் இருபத்தைந்து ஆண்டுகள் ஆண்டதாகவும் பதிகம் சொல்கிறது. பொன்னுக்குக் குறைவில்லாத காலத்திலும் பெயர் மாறவில்லை. 38ஆம் பாடலில் புலவர் முகத்துக்கு நேரே அவனைக் களங்காய்க் கண்ணி என்றே விளிக்கிறார். இல்லாமையின் அடையாளத்தை அவன் விரும்பி வைத்துக்கொண்டான் என்றே நான் நினைக்கிறேன். கனியால் அன்றிக் காயால் கட்டியதும் கவனிக்கத்தக்கது. கனி நசுங்கிச் சாறு வடியும். கெட்டியான காய் நாரில் கோத்தால் நிற்கும். கட்டியவருக்குச் செடி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

களாவுக்கு மராத்தியில் கரவந்த், வடமொழியில் கரமர்த. 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் கார்சியா த ஓர்த்தா இதைக் 'கரண்டாஸ்' என்று எழுதினார். 1767இல் லின்னேயசு இட்ட தாவரப்பெயரிலும் அந்தக் 'கரண்டாஸ்' நிலைத்துவிட்டது. ஆங்கிலேயர் வைத்த பெயரோ வங்காளத் திராட்சை என்ற பொருள் தருவது. நம் 'களா' அந்த ஏட்டில் ஏறவில்லை. நெல்லைச் சீமையில் களக்காடு என்ற ஊர்ப்பெயருக்குக் களாக்காடு என்று விளக்கம் சொல்வதுண்டு.

இன்று களாக்காயை அதிகம் பேர் தின்பது பெயர் தெரியாமல்தான். கேக்கின் மேலும் பன்னுக்குள்ளும் சிவப்பாக இருக்கிறதே, அது பெரும்பாலும் விதை நீக்கிச் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய். எங்கள் தெருமுனை பேக்கரியில் ஒருநாள் அதைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, "செர்ரிங்க" என்று டப்பாவைத் திருப்பிக் காட்டினார்.